எண்பத்தோரு பூவும் ஒரு ஸ்டெப்னியும்

மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வந்ததும் முதலில் வேர்த்தது என் முதுகு அல்ல, என் மூக்குக் கண்ணாடி. புசானில் கிளம்பும்போது போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மார்ச் மாதக் கடைசி வெயிலில் கண் தெரியாமல் நின்றேன். பதின்மூன்று வருடமாகக் கொரியாவில் இருக்கிறேன். வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு நாலு நாள் வருவது வெளிநாட்டுப் பயணமா, ஊருக்கு வருவதா என்று எனக்கே தெளிவில்லை. என் ஊர் திருச்சி. அங்கே போக இந்த நாலு நாளில் இடமில்லை.

என் தொழில் வாயால் செய்வது. கொரியன் ஒருவர் சொன்னதைத் தமிழில் சொல்வேன், தமிழர் சொன்னதைக் கொரியனில் சொல்வேன். பெரும்பாலும் இயந்திரம், அளவு, ரிஜெக்ஷன். கொரியன் மேனேஜர் மேசையைத் தட்டிக் கத்தினால் "சாருக்குக் கொஞ்சம் வருத்தம்" என்பேன். நம் ஆள் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் "தீவிரமாகப் பரிசீலிக்கிறார்கள்" என்பேன். இரண்டு பக்கமும் சண்டை வராமல் கூட்டம் முடிந்தால் எனக்கு நல்ல பெயர். இந்தத் தடவை இயந்திரம் எதுவும் இல்லை. கூட வந்தவர் திருமதி ஹான். ஐம்பத்தெட்டு வயது. அவருடைய கணவர் யூன், ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஜினியராக ஆறு வருடம் இருந்தவர். பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் இங்கே ஒரு மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது முழங்கால் அறுவை செய்து படுக்கையில் இருந்த திருமதி ஹானால் வர முடியவில்லை. உடல் மட்டும் விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அவர் இருந்த ஃபிளாட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சாமான்களைக் கட்டி அனுப்புகிறோம் என்று கம்பெனி சொன்னது. நானே வருகிறேன் என்றார் இவர்.

திருமதி ஹான் வழியெல்லாம் ஒரு நீளமான அட்டைக் குழாயை மடியை விட்டு இறக்கவில்லை. சுங்கத்தில் அதைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு பெரிய காகிதம், மை ஓவியம். முறுக்கிக்கொண்டு மேலே ஏறும் ஒரு கிழட்டு மரக்கிளை. ஒரு இலை கிடையாது. கிளை முழுக்க ஐந்து இதழ்ப் பூக்கள், வெறும் கோட்டால் வரைந்தவை. அவற்றில் கொஞ்சம் பூக்களில் மட்டும் சிவப்பு நிறம் தீட்டியிருந்தது.

"இன்னா மேடம், கலர் அடிச்சு முடிக்கலையா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்" என்றேன். திருமதி ஹான் அவர் என்ன கேட்டார் என்றார். அழகாக இருக்கிறது என்கிறார் என்று சொன்னேன்.

கம்பெனி அனுப்பிய காரில் ஏறினோம். ஓட்டுநர் டேவிட், முப்பது வயதுக்காரர், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். பூந்தமல்லி தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் லாரி. திருமதி ஹானுக்கு அதில் எரிச்சல் எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் கொரியப் புலவர்கள், பனி விழுந்து கிடக்கும்போதே, முதல் மேஹ்வா எங்கே பூத்திருக்கிறது என்று தேடிக்கொண்டு கழுதை மேல் ஏறிப் போவார்களாம். மேஹ்வா என்பது அந்த மரம். நம் ஊட்டி பிளம்ஸுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரே ஒரு பூவைப் பார்ப்பார்கள், ஒரு கவிதை எழுதுவார்கள், திரும்புவார்கள். "நாமும் அப்படித்தான் போகிறோம்" என்றார். கழுதையாவது நகர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நகராத காரில்தான் முழுக்கதையும் கேட்டேன். மேஹ்வா, ஆர்கிட், சாமந்தி, மூங்கில் இந்த நாலையும் அவர்கள் சான்றோர் என்று சொல்கிறார்கள். அதில் மேஹ்வா மூத்தது, குளிர் போகும்வரை காத்திருக்காமல், இலை வரும்முன்பே பூத்துவிடுவதால். மை ஓவியத்தில் அதன் அடிமரத்தைக் காய்ந்த தூரிகையால் இழுக்க வேண்டும். பூவைத் தொடும்போது கையில் பாரமே இருக்கக் கூடாது. திருமதி ஹான் இருபது வருடமாகத் தன் பேட்டைக் கலைக்கூடத்தில் இதைச் சொல்லித் தருபவர். அப்புறம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருடத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளில், எண்பத்தோரு பூ உள்ள கிளையை வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். தினம் ஒரு பூவுக்கு மட்டும் சிவப்புத் தீட்டுவார்கள். எண்பத்தோரு பூவும் சிவந்து முடியும்போது குளிர்காலம் முடிந்திருக்கும்.

கணவர் ஒரகடத்தில் இருந்த ஆறு வருடமும் இவர் ஒரே மாதிரி இரண்டு படம் வரைவார். ஒன்று இவர் வீட்டுச் சுவருக்கு, ஒன்று அவருக்குத் தபாலில். குளிரே இல்லாத ஊரில் எதற்கு என்று யூன் முதல் வருடம் கேட்டாராம். எண்பத்தொன்று முடிந்ததும் அவருக்கு ஊர் வர விடுப்பு, அதற்காகத்தான் என்று இவர் சொன்னாராம். தினமும் பூ தீட்டியதும் யூன் ஒரே ஒரு வரி செய்தி அனுப்புவார்: "பூ ஆச்சு." வேறு ஒன்றும் எழுத மாட்டார். பேசத் தெரியாத மனிதர் என்றார்.

"போகிப் பண்டிகை அன்று இருபத்து நாலாவது பூ. பிறகு மூன்று நாள் உங்கள் பொங்கல் விடுமுறை. மூன்று நாளும் 'பூ ஆச்சு' என்று செய்தி வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர் போனில் என் மகனிடம், காய்ச்சல் வந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். கம்பெனி, திடீரென்று என்கிறது." குழாயைத் தடவிக்கொண்டே சொன்னார். "அந்தப் படத்தில் இருபத்தேழு பூ சிவந்திருந்தால் அவர் கடைசிவரை எழுந்து நடமாடியிருக்கிறார். இருபத்து நாலோடு நின்றிருந்தால், மூன்று நாள் யாரும் இல்லாத வீட்டில் கையைத் தூக்க முடியாமல் கிடந்துகொண்டு எனக்குப் பொய் அனுப்பியிருக்கிறார். எனக்கு அது தெரிய வேண்டும், மாலதி. அதற்காகத்தான் வந்தேன்."

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை பக்கத்தில் வந்தபோது கார் ஒரு பக்கமாக இழுத்தது. பஞ்சர்.

"ஸ்டெப்னி கீது மேடம், பத்தே நிமிசம்" என்று டேவிட் ஜாக்கியை எடுத்தார். பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்று மோர் குடித்தோம். டேவிட் புதுச் சக்கரத்தை மாட்டி ஐந்து நட்டையும் முறுக்கத் தொடங்கினார். கீழே ஒன்று. அடுத்ததை விட்டுவிட்டு மேலே ஒன்று. அப்புறம் குறுக்கே. திருமதி ஹான் மோரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏன் வரிசையாக முடுக்காமல் தாண்டித் தாண்டி முடுக்குகிறார் என்று கேள்."

கேட்டேன். "வர்சையா டைட் பண்ணா வீல் ஒரு பக்கமா குந்திக்கும் மேடம். ஒண்ணு வுட்டு ஒண்ணு பண்ணாத்தான் சமமா ஒக்காரும்" என்றார் டேவிட்.

திருமதி ஹான் சிரித்தார். விமானம் ஏறியதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஊரில் இருந்தபோது என் வீட்டுக்காரரும் பூவை இப்படித்தான் தீட்டுவார். கீழ் இதழில் ஆரம்பித்து ஒன்று விட்டு ஒன்று. மேல் இதழில் ஆரம்பித்துச் சுற்றி வர வேண்டும் என்று முப்பது வருடம் சொன்னேன். பூ என்ன சக்கரமா என்று சண்டை போட்டிருக்கிறேன். கேட்கவே மாட்டார்." பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் கொரியப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. அன்று சாப்பிட்ட கடையில் சமையல்காரர் டார்ஜிலிங்காரர், பரிமாறியவர் செய்யாறு. சோயாக் குழம்பு வந்தது, மேலே கொத்தமல்லி தூவி. கிம்ச்சி ஊட்டிக் கோஸில் செய்தது, ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. எனக்குப் பசி, நான் எல்லாவற்றையும் தின்றேன். திருமதி ஹான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அரிசிக் கஞ்சி கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார்.

"கஞ்சியெல்லாம் இங்க ஓடாது மேடம். வேணும்னா பிரைட் ரைஸ் போடச் சொல்றேன்" என்றார் செய்யாற்றுக்காரர்.

மறுநாள் ஒரகடம் கம்பெனி. எச்.ஆர். அதிகாரி பிரகாஷ், இஸ்திரி கலையாத சட்டை, கெட்டவர் என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. ஒவ்வொன்றையும் வாசித்துக் கொரியனில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு தடித்துவிட்டது. அங்கே ஏ.சி. எலும்புக்குள் இறங்கியது, முந்தின நாள் தூங்காத கண் எரிந்தது. இடையிடையே திருமதி ஹான் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். விடுமுறையில் அவரை யார் பார்த்தார்கள்?

"மேடம், அந்த மூணு நாள் ஷட் டவுன். லோக்கல் ஸ்டாஃப் எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. மத்த கொரியன் சாருங்க கோவா போயிருந்தாங்க. இவர் வரலன்னுட்டாரு. காணும் பொங்கல் அன்னிக்குக் காலைல செக்யூரிட்டிதான் பாத்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டது. ரொம்ப சடன் மேடம். வி ஆர் வெரி சாரி."

"அப்படியென்றால் மூன்று நாள் யாருமே கதவைத் தட்டவில்லையா என்று கேள்" என்றார் இவர்.

நான் கேட்டேன், என் வழக்கப்படி கொஞ்சம் மழுப்பி. அவரும் மழுப்பிப் பதில் சொன்னார். மழுப்பலைக் கொரியனில் இன்னும் நயமாக்கிக் கொடுத்தேன். திருமதி ஹான் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் ஃபிளாட்டுக்குப் போனோம். பிரகாஷும் வந்தார். கதவைத் திறந்தவர் அஞ்சலை, அங்கே ஆறு வருடமாக வீட்டு வேலை செய்பவர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, சேலையை இழுத்துச் செருகியிருந்தார். மாதக் கடைசி வரை ஜன்னல் திறந்து மூடி, பெருக்கி வைக்கும்படி கம்பெனி சொல்லியிருந்ததாம். வீடு பளிச்சென்று இருந்தது. திருமதி ஹான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படுக்கையறைக்குப் போனார்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் படம் இருந்தது. எண்பத்தோரு பூவும் சிவப்பாக இருந்தன.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தேன். அடிக்கிளையில் இருந்த பூக்கள் மெல்லிய செம்மையில், சாயம் ஊறித் தீட்டப்பட்டவை. மீதி எல்லாம் குங்குமம். விரலால் தொட்டு வைத்த பொட்டு, கோட்டுக்கு வெளியே அப்பிக்கொண்டு.

திருமதி ஹான் எழுந்து வந்து சாயம் தீட்டிய பூக்களை மட்டும் எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். இருபத்து நாலு.

"யாருங்க இதுல குங்குமம் வெச்சது?" பிரகாஷ் அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார். "இது என்ன பூஜை ரூமா? அவங்க ஹஸ்பண்டோட பொருள். கேக்காம கை வெக்கலாமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். சும்மா வெச்சேன்" என்றார் அஞ்சலை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாருக்கு ஒடம்பு சரியில்லாதப்ப நீங்க வந்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

"பொங்கலுக்கு எனக்கு லீவும்மா."

திருமதி ஹான் கொரியனில் சொன்னார்: "முட்டாள் பெண். என் கணவர் நின்ற இடத்தை அப்படியே விட்டுவைக்கக்கூடத் தெரியவில்லை. அப்படியே சொல்." நான் அஞ்சலையிடம், "அம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்காம்" என்றேன். அஞ்சலை தலையை ஆட்டினார். அவருக்குக் கொரியன் தெரியாவிட்டாலும் குரல் தெரியுமே.

படத்தைச் சுருட்டிக் குழாயில் வைத்துக்கொண்டு ஓட்டலுக்குத் திரும்பினோம். திருமதி ஹான் பயந்தது நடந்துவிட்டது, இருபத்து நாலு. கதவுக்கு வெளியே நின்று "இரவு ஏதாவது வேண்டுமா" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்குக் கால் வீங்கியிருந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவரே என் கதவைத் தட்டினார். இரண்டு படங்களும் அவர் அறைத் தரையில் விரித்துக் கிடந்தன. ஊரிலிருந்து கொண்டு வந்த அவருடைய படம், இருபத்தெட்டாம் பூவோடு நின்றுபோனது. மறுநாள் காலை தூரிகையை எடுக்கும்முன் போன் வந்துவிட்டதாம். இரண்டு படத்தின் ஓரத்திலும் அவரே எழுதிய இரண்டு வரி இருந்தது. பல தடவை தமிழில் சொல்லிப் பார்த்தேன். "பனி வாசலில்தான் இருக்கிறது, மணம் மட்டும் உள்ளே வந்துவிட்டது" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. பதில் வரி எழுதக் கீழே இடம் விட்டிருந்தார். புலவர்கள் ஒருவருக்கொருவர் அப்படி விட்டுவைப்பார்களாம். யூன் ஆறு வருடத்தில் ஒரு வருடம்கூட எழுதியதில்லை.

"இங்கே பார்" என்று கணவர் படத்தைக் காட்டினார். "இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. மூன்றும் அந்தச் சிவப்புத் தூள்தான். ஆனால் விரல் இல்லை. தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் தீட்டியது. கை பழகாத ஆள், கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. ஆனால் இதழ் இதழாகத் தீட்டியிருக்கிறது. இருபத்தெட்டிலிருந்துதான் விரல்." நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்குத் தூரிகையைக் கொடுத்தது யார்?"

கம்பெனி காரில் போனால் பிரகாஷுக்குத் தெரிந்துவிடும். ஃபிளாட் காவல்காரரிடம் கேட்டதில் அஞ்சலை வீடு வல்லத்தில் என்றார். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஷிஃப்ட் மாறும் நேரம். சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தூங்கும் தலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீருடைப் பெண் திருமதி ஹான் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் எங்களை ஒரு நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டார். திரும்பி நடந்தோம். முழங்கால் அறுவை செய்தவர், வெயில், கையில் குழாய். வழியில் ஒரு காம்பவுண்டுக்குள் கல்யாண முருங்கை, ஒரு இலை இல்லாமல் முழுக்கச் சிவந்து நின்றது. அவர் நின்று பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

அஞ்சலை எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துப் போனார். அப்புறம் பின்னால் யாரும் வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார்.

"எச்.ஆர். சாரு வரலியா?"

"இல்லக்கா. நாங்க மட்டுந்தான்."

"உள்ள வாங்க. மெதுவா பேசுங்கம்மா, பொண்ணு நைட் ஷிப்ட் முட்ச்சுத் தூங்கிக்கினு கீது."

அதனால் அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுவதும் குசுகுசுவென்றுதான் நடந்தது. படத்தை விரித்து அந்த மூன்று பூவைக் காட்டினேன். அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"பொங்க அன்னிக்கு அவருக்குச் சக்கரப் பொங்க எடுத்துக்கினு போனேம்மா. வருசா வருசம் குடுப்பேன், ஆசையா துண்ணுவாரு. கதவத் தொறக்கவே கா மணி நேரம் ஆச்சு. ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது. ஆஸ்பத்திரி போலாம் சார்னேன். வேணாம், லீவு, யாரயும் கூப்டாத, சொல்லாதன்னாரு. அந்த நாலு வார்த்த தமிழ் நல்லாத் தெரியும் அவருக்கு. நான் வூட்டுக்கு ஓடியாந்து கஞ்சி வெச்சு எடுத்துக்கினு போனேன். மூணு நாளும் கால, சாயங்காலம் போனேம்மா. மொத நாளு அர டம்ளரு குடிச்சாரு. மறுநாளு நாலு ஸ்பூனு."

நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தேன். திருமதி ஹான் கண்ணை என் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"கை நடுங்குது, பிரஸ்ஸு புடிக்க முடியல. அந்தப் படத்தயே பாத்துக்கினு கெடந்தாரு. எங்கிட்டக் குடுத்து வெய்யி வெய்யின்னாரு. அவரு கலரு கட்டி மாதிரி இருந்துச்சு, எனக்குக் கரைக்கத் தெரியல. கோயில்ல குடுத்த குங்குமம் பர்ஸுல இருந்துச்சு, அதக் கொழச்சு வெச்சேன். எங்க வெக்கணும்னு வெரலால காட்டுவாரு. வெச்சு முட்ச்சதும் போன எடுத்து அவரே என்னாத்தயோ தட்டுவாரு. மூணாம் நாளு காலைல பூ வெச்சப்பறம் ஈறுல ரத்தம் வந்துச்சு. அப்பத்தான் பயந்துபோயி செக்யூரிட்டியாண்ட ஓடினேன்."

"இத ஏங்க்கா நேத்து சொல்லல?"

"மூணு நாளு பாத்துக்கினே இருந்துட்டு சும்மா இருந்தியான்னு கேப்பாங்கல்ல? போலீஸுன்னுவாங்க." அழுகை வந்துவிட்டது, சத்தமில்லாமல். "கேட்டா தப்பு இல்லம்மா. மொத நாளே இழுத்துக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாரு. நான்தான் வுட்டுட்டேன்."

இந்த இடத்தில் நான் நின்றேன். பதின்மூன்று வருடப் பழக்கத்தில் அதை மழுப்ப எனக்கு இரண்டு நொடி போதும். மழுப்பவில்லை. ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

"அவரை முப்பது வருடம் நானும் இழுத்துப் பார்த்திருக்கிறேன், வந்ததில்லை என்று சொல்" என்றார் திருமதி ஹான். சொன்னேன். "மீதி ஐம்பத்து நாலை ஏன் வைத்தாள்?"

"எண்பத்தொண்ணு முட்ச்சா வூட்டுக்குப் போவேன்னு வெரலுவுட்டுச் சொல்லுவாரும்மா. நோன்பு மாதிரின்னு நென்ச்சேன். எடுத்த நோன்ப நடுவுல வுடக் கூடாது. எடுத்தவன் போயிட்டா வூட்டுல வேற யாருனா முடிக்கணும். இங்க அவருக்கு யாரு கீறாங்க? முடிக்கலன்னா வூடு போய்ச் சேருவாரோ மாட்டாரோன்னு தெனம் ஒண்ணு வெச்சேன்."

அதையும் அப்படியே சொன்னேன். திருமதி ஹான் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, அஞ்சலையைப் பார்க்காமல் சொன்னார்: "நல்ல மனசுக்காரி. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதையெல்லாம் சொல்கிறாளோ? அவர் தனியாகத்தான் கிடந்தாரோ? பிறகு வந்து மூன்று பூவைத் தூரிகையால் வைத்துப் பார்த்திருக்கலாம். நீ என்ன நினைக்கிறாய்?"

"எனக்குத் தெரியவில்லை" என்றேன். ஆறுதலுக்காக மாற்றிச் சொல்வதே என் பிழைப்பு. இன்னொருத்தி அப்படிச் செய்யவில்லை என்று எப்படிச் சாட்சி சொல்வேன்?

திருமதி ஹான் தன்னுடைய படத்தை எடுத்துத் தரையில் விரித்தார். பையிலிருந்து தூரிகை ஒன்றை எடுத்து அஞ்சலையிடம் நீட்டினார். "அவரோடு இருந்தபோது வைத்த மாதிரி ஒரு பூ வைக்கச் சொல்."

அஞ்சலை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சாமி மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்து வந்தார். எவர்சில்வர் மூடியில் கொட்டி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். கண்ணுக்கு மை வைக்கும் குச்சியைப் பிடிப்பதுபோல் தூரிகையைப் பிடித்தார். இருபத்தொன்பதாவது பூவின் மேல் குனிந்தார்.

முதலில் கீழ் இதழ். அடுத்து பக்கத்து இதழுக்குப் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூரிகை அதைத் தாண்டி மேலே போனது. அப்புறம் குறுக்கே. மறுபடி ஒன்றைத் தாண்டி. எனக்கு ஏரிக்கரையும் டேவிட்டின் ஸ்பானரும் நினைவுக்கு வந்தன.

"ஏன் தாண்டித் தாண்டி வெக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வர்சையா வெச்சா வேணாம் வேணாம்னு கைய ஆட்டுவாரும்மா" என்றார் அஞ்சலை, தலை நிமிராமல். "இப்டித்தான் வெக்கணுமாம்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குள் திருமதி ஹான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், உள்ளே தூங்கும் பெண் எழுந்துவிடக் கூடாதென்று. அஞ்சலை பயந்துபோய்த் தூரிகையைக் கீழே வைக்கப் பார்த்தார். திருமதி ஹான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் கஞ்சி இருக்குமா என்று கேட்டார். இருந்தது, காலையில் வைத்தது. உப்புப் போட்டு, சுண்டைக்காய் வற்றல் தொட்டுக்கொண்டு இரண்டு டம்ளர் குடித்தார். வந்ததிலிருந்து அவர் வயிறாரச் சாப்பிட்டது அதுதான். நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு, முப்பதாவது பூவுக்குத் திருமதி ஹான் தானே தூரிகையை எடுத்தார். குங்குமத்தில் தோய்த்தார். கீழ் இதழில் தொடங்கினார், ஒன்று விட்டு ஒன்றாக.